அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் குடிவருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் 2004-இல் கல்யாணமாகி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னை அம்பத்தூரை ஒட்டிய மண்ணூர்பேட்டைக்கு வந்தேன். வீட்டுக்காரர் லேத் ஆபரேட்டர். அதற்குப் பிறகு நான்கு வீடு மாறிவிட்டோம். நான்கும் இதே சுற்றுவட்டாரம்தான். ஊரிலிருந்து யார் எஸ்டேட்டுக்கு, அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு, வேலைக்கு வந்தாலும் முதல் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கேட்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

எஸ்டேட்டில் வேலை கிடைத்திருக்கிறது. எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

முதலில் கம்பெனி முகவரியை ஒழுங்காகப் படியுங்கள். ஒரகடம் என்று இரண்டு ஊர் இருக்கிறது. ஒன்று அம்பத்தூருக்குள்ளேயே இருக்கிறது, இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனிகள் இருக்கும் இடம். அத்திப்பட்டும் அப்படித்தான். எஸ்டேட்டை ஒட்டி ஓர் அத்திப்பட்டு, மீஞ்சூர் போகிற ரயில் பாதையில் இன்னோர் அத்திப்பட்டு. எங்கள் சித்தப்பா மகன் ஒருமுறை பெட்டியோடு கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி அந்த அத்திப்பட்டில் போய் இறங்கிவிட்டான். நேர்முகத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம்.

எஸ்டேட் 1964-இல் தொடங்கியது. ஏறக்குறைய 1,430 ஏக்கர். ஒரு முனையில் இருந்து இன்னொரு முனைக்கு நடந்து போய் ஷிஃப்ட் பிடிக்க முடியாது. கம்பெனி வடக்கு ஓரத்தில் இருந்தால் பட்டரவாக்கம், கொரட்டூர் பாருங்கள். ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கும். கிழக்கு என்றால் மண்ணூர்பேட்டை, பாடி. மேற்கே அத்திப்பட்டு, அயப்பாக்கம். வாடகை 500 ரூபாய் குறைகிறது என்று திருமுல்லைவாயல், ஆவடி வரை போகிறவர்கள் உண்டு. ரயில் பாஸ் எடுத்துவிட்டால் செலவு பெரிதில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் இருக்கிற வேலை என்றால் நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் வீடு பிடிப்பதுதான் நல்லது. தூக்கம் கெட்டுப்போய் இயந்திரத்தின் முன்னால் நிற்கக் கூடாது.

வழி கேட்டால் இங்கே தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ், பிரிட்டானியா, டெலிபோன் எக்சேஞ்ச் என்று பஸ் நிறுத்தங்களுக்கே கம்பெனிப் பெயர்தான். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் வந்தது, எஸ்டேட்டுக்கே மூத்தது. டன்லப் தொழிற்சாலை மூடிக் கிடந்தாலும் கண்டக்டர் இன்னும் "டன்லப் இறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்.

அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்?

ஐந்து மாத வாடகையில் இருந்து பத்து மாதம் வரை கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. இதைச் சொன்னதும் வீட்டுக்காரம்மா உடனே குறைத்துவிட மாட்டார். ஆனாலும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பத்தை ஐந்தாக்கலாம், நாங்கள் கடைசி வீட்டில் நான்குக்குக் கொண்டுவந்தோம்.

அக்ரிமென்ட் கண்டிப்பாக எழுதுங்கள். "நம்பிக்கைதான் முக்கியம், பேப்பர் எதுக்கு" என்பார்கள். நம்பிக்கையும் இருக்கட்டும், பேப்பரும் இருக்கட்டும். ஆதார் முகவரி மாற்றம், கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு என்று எதற்குப் போனாலும் அந்தப் பேப்பரைத்தான் கேட்பார்கள். அட்வான்ஸ் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பினால் காலி செய்யும்போது வாய்ச்சண்டை வராது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

லைன் வீட்டில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடு, எட்டு வீடு இருக்கும். ஒரு ரூம், ஒரு சின்ன சமையல்கட்டு. கழிப்பறையும் குளியலறையும் பொது. பகல் பதினோரு மணிக்குப் போய் வீடு பார்க்காதீர்கள், அப்போது எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்கும். காலை ஆறரைக்குப் போங்கள். எத்தனை பேர் பக்கெட்டோடு வரிசையில் நிற்கிறார்கள், குழாயில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வருகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

சுவரில் ஒரு கோடு இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் உயரத்தில் பழுப்பாக, சுண்ணாம்பு உரிந்து, படுக்கைவாட்டில் ஒரு கோடு. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் கதவு நிலையின் அடிக்கட்டையில் அது மறையாது. மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற உயரம் அதுதான். நான் இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால் கூரையைப் பார்ப்பதற்கு முன் நிலைக்கட்டையைத்தான் குனிந்து பார்க்கிறேன்.

கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருகிறது?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016-இலிருந்து இருக்கிறது. ஆனால் லைன் வீடுகளில் பல இடங்களில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். ஆறு வீட்டு யூனிட்டும் கூடி மேல் படிநிலைக்குப் போய்விடும், 100 யூனிட் சலுகையும் ஆளுக்கு வந்து சேராது. போதாக்குறைக்கு ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தன் இஷ்டத்துக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார். அதனால் வீடு பேசும்போதே "தனி இபி மீட்டரா, சப் மீட்டரா" என்று கேளுங்கள். வாடகை 300 ரூபாய் கூடினாலும் தனி மீட்டர் வீடு வருஷக் கணக்கில் லாபம். சப் மீட்டர்தான் என்றால், குடிபோகும் அன்று மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. இரவிலும் எடுப்பார்கள்.

குடிக்கத் தண்ணீர்?

போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்கவும் வேண்டாம். இது தொழிற்பேட்டைப் பூமி. துணி துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வாட்டர் குழாய் வருகிற தெருக்களில் எந்த நாள், எந்த நேரம் என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். குழாய் வராத தெருவில் லாரி வந்து முனைத் தொட்டியை நிரப்பும். குடத்துக்கு வரிசை இருக்கும். புதிதாக வந்தவர் நேராகப் போய் முன்னால் நிற்கக் கூடாது. அது சண்டையில்தான் முடியும். முதல் நாள் வெறும் கையோடு போய் "நாங்க மூணாவது வீட்டுக்கு வந்திருக்கோம், எங்க குடத்தை எங்க வைக்கட்டும்?" என்று கேளுங்கள். அங்கே இருக்கும் மூத்த அக்கா இடம் காட்டுவார். மறுநாளிலிருந்து நீங்கள் வேலைக்குப் போயிருந்தாலும் உங்கள் குடம் நிரம்பியிருக்கும். என் குடத்தை எத்தனையோ நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது. இங்கே வாங்க முடியுமா?

முடியும். 2020 அக்டோபருக்குப் பிறகு எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனால் வெளிக் கார்டுக்குப் பொருள் கிடைப்பது கடையின் இருப்பைப் பொறுத்தது. மாதக் கடைசியில் போனால் பருப்பு இருக்காது. ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் இ-சேவை மையத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள். "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவோம்" என்று நாங்களும் தள்ளிப்போட்டோம். ஏழு வருஷம் ஓடிவிட்டது.

இஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்கிறார்கள். அதை வைத்து என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். கான்ட்ராக்ட் ஆள் என்று சொல்லி விலக்க முடியாது. உங்களுக்கு மட்டுமல்ல, மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கலாம். பக்கத்தில் இஎஸ்ஐ மருந்தகங்கள் இருக்கின்றன. பெரிய வைத்தியத்துக்கு அயனாவரம், கே.கே.நகர் மருத்துவமனைகள். உடம்பு முடியாமல் விடுப்பு எடுத்தால் தகுதி உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம், சம்பளத்தோடு. வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் 90 சதவீதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு.

2011-இல் என் வீட்டுக்காரர் ஒரு சின்ன பட்டறையில் இருந்தார். சம்பளச் சீட்டில் மாதாமாதம் "இஎஸ்ஐ" என்று ஒரு தொகை கழிந்துகொண்டிருந்தது. எண் கேட்டால் "வரும், வரும்" என்பார்கள். எங்களுக்கும் விவரம் தெரியாது, விட்டுவிட்டோம். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வலது கை ஆட்காட்டி விரல் மாட்டிக்கொண்டது. எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். துணியின் எண்ணெய்க் கறுப்பில் ரத்தம் எது என்றே தெரியவில்லை. படியில் சொட்டியதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து, கைகூடக் கழுவாமல் வண்டியை எடுத்தார். அரசு மருத்துவமனையில் விரல் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் பணத்தைப் பிடித்தார்களே தவிர, கட்டவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பட்டறைக்காரர் ஏதோ ஒரு தொகை கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். பதிவே இல்லாத இடமாக இருந்தாலும் வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தொழிலாளர் துறையில் முறையிடலாம் என்று அன்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இஎஸ்ஐ எண்ணையும், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கான யுஏஎன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். யுஏஎன் எண்ணில் உங்கள் போன் நம்பர் சேர்ந்திருந்தால் பிஎஃப் பணம் கட்டுகிறார்களா இல்லையா என்று நீங்களே பார்க்கலாம். அம்பத்தூருக்கென்றே பிஎஃப் வட்டார அலுவலகம் இருக்கிறது. ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் பணம் எடுக்கும்போது அலைச்சல், எனவே பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். ஓவர்டைம் செய்தால் தொழிற்சாலையில் இரட்டைச் சம்பளம் என்பதும் சட்டம்தான். பல இடங்களில் ஒற்றைதான் தருகிறார்கள். வேலை செய்த மணிக்கணக்கைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

என் இரண்டு பெண்களும் அரசுப் பள்ளி. வருத்தமே இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு கொடுக்கிறார்கள். முதல் ஷிஃப்டுக்கு ஆறு மணிக்குள் போக வேண்டிய அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று போகிறவர்களுக்குத்தான் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை போய்விடலாம், யோசித்துச் செய்யுங்கள்.

வருஷ நடுவில் வந்தாலும் சேர்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை, டிசி (பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதம் என்ற காரணத்துக்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது.

சீட்டுப் போடலாமா?

அரசில் பதிவான சீட்டு என்றால் சரி. தெருவில் தெரிந்தவர் நடத்துகிற சீட்டில் பத்து வருஷமாக நானும் இருக்கிறேன். பன்னிரண்டு பேர், எல்லோரும் ஒருவருக்கொருவர் வீடு தெரிந்தவர்கள், மாதம் 1,000 ரூபாய். அதற்கு மேல் போனதில்லை. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, இரட்டிப்பு என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் வாங்காதீர்கள். காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 வாங்குகிற கடன் பக்கமே போக வேண்டாம். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அவசரத்துக்கு மகளிர் குழு இருக்கிறது. புதிதாக வந்தவரை உடனே சேர்க்க மாட்டார்கள். ஆறு மாதம் உங்களைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இரவு ஷிஃப்ட் முடித்து வரும் பெண்களுக்குப் பாதுகாப்பு?

கம்பெனி வண்டி இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். எஸ்டேட் உள்சாலைகளில் கம்பெனிச் சுவர் நீளமாகப் போகும். கடை இருக்காது, ஆள் இருக்காது. நான்கைந்து பேராகச் சேர்ந்து வாருங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. பகலில் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அது தெரிந்ததுதான்.

மழை பெய்தால் என்ன ஆகும்?

கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி இரண்டும் பக்கத்தில். தண்ணீர் தாழ்வான தெருவைத் தேடித்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எஸ்டேட் முழுக்கத் தண்ணீர், இயந்திரங்கள் மூழ்கிக் கிடந்தன. வேலை திரும்பத் தொடங்கப் பல நாள் ஆனது. எங்கள் காம்பவுண்டில் கீழ் ஆறு வீட்டிலும் தண்ணீர். எல்லோரும் மாடிப்படித் திருப்பத்தில் ஒரே அடுப்பை வைத்து, ஆளுக்கொரு படி அரிசி போட்டு மூன்று நாள் சமைத்தோம். கடைசி வீட்டில் இருந்த ஒடிசாப் பையன்கள்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய்ப் பால் வாங்கி வந்தார்கள். கைக்குழந்தை இருந்த வீட்டுக்கு முதலில் கொடுத்தார்கள், தங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதுவரை அவர்களோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது என் தவறு. இப்போது அவர்கள் பாதித் தமிழ் பேசுகிறார்கள், நான் "பானி" தாண்டி நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன்.

அக்டோபர் தொடங்குவதற்குள் செய்ய வேண்டியது: ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு பரணில் வையுங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், தயங்க வேண்டாம். மழைநீர்க் கால்வாய் அடைத்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள். 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து நாம் 7-ஆவது மண்டலம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து ஊர்க்காரர்களே அமைப்பாகச் சேர்ந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். கூட்டம் நடந்தால் வாடகைக்கு இருப்பவர்களும் போகலாம். ஏரி உடைந்தால் தண்ணீர் சொந்த வீடு, வாடகை வீடு என்று பார்த்து வராது.

கையில் காசில்லாத நாளில் சாப்பாட்டுக்கு?

அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. கூச்சப்பட வேண்டாம். சம்பளம் வராத வாரத்தில் நாங்களும் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறோம்.

தெருவில் யாரையும் தெரியாது. எப்படிப் பழகுவது?

ஆடி மாதம் வரட்டும். ஒவ்வொரு தெரு அம்மன் கோயிலிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். அதற்கு முந்தின வாரம் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக வருவார்கள். உங்களால் முடிந்ததை எழுதுங்கள், ஐம்பது ரூபாயானாலும் சரி. பணம் இல்லையென்றால் "வேலைக்கு வரேன்" என்று சொல்லுங்கள். முருங்கைக்கீரை ஆயவும் வெங்காயம் உரிக்கவும் ஆள் எப்போதும் குறைவுதான். நான் வந்த முதல் வருஷம் விடியற்காலை மூன்று மணிக்குக் கேழ்வரகுக் கூழ் துழாவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா என் ஊர்ப் பெயரைக் கேட்டார். அவருக்கும் போளூர்ப் பக்கம்தான். அன்று பிடித்த பழக்கம், என் பெரிய பெண் பிறந்தபோது கூட அவர்தான் என்னோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

கூழ் ஊற்றும் நாளில் வீட்டிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு போங்கள். பத்தரை மணிக்குள் போய்விடுங்கள், கருவாட்டுக் குழம்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.